கறுத்த முட்டை எல்லாம் குளவி ஆகாது

எனக்குக் கோபம் வந்தால் மூக்கு நுனி சிவக்கும் என்று வீட்டில் கேலி செய்வார்கள். அந்த ஆடி மாதம் முழுக்க என் மூக்கு சிவந்தேதான் கிடந்தது. காரணம் ஒரு தூபக்கால்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். தென்காசியில் ஒரு உரக்கடை. முன்பக்கம் மூட்டைகளும் பூச்சிமருந்து டப்பாக்களும் அடுக்கியிருக்கும். பின்பக்கம் இரண்டு அறைகள். அந்த இரண்டு அறைகளிலும் நான் பூச்சி வளர்க்கிறேன். முன்னால் பூச்சியைக் கொல்ல விற்கிறார்கள், பின்னால் பூச்சிக்குப் பிரசவம் பார்க்கிறோம். ‘படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில்’ என்று வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். கடைக்கார அண்ணாச்சி கோபித்துக்கொள்ளவில்லை. “ரெண்டும் விவசாயிக்குத்தானம்மா விக்கோம்” என்று சிரித்தார். நல்ல மனிதர். அதுதான் எனக்குப் பெரிய தொல்லை. கெட்டவராக இருந்தால் திட்டுவதற்குச் சுலபமாக இருந்திருக்கும்.

முதல் அறையில் அரிசியில் விழுமே, அந்த அந்துப்பூச்சி. பேசின் பேசினாக உடைத்த கம்பில் அதை வளர்த்து முட்டை எடுப்போம். முட்டைகளைச் சலித்து, பசை தடவிய அட்டையில் மணல் தூவுவதுபோல் தூவுவோம். அட்டை இரண்டாவது அறைக்குப் போகும். அங்கே இருப்பது குளவி. குளவி என்றதும் கொட்டுகிற குளவியை நினைக்க வேண்டாம். இது கடுகைவிடச் சிறியது, பேனா முனையால் வைத்த புள்ளி அளவு. அந்தின் முட்டைக்குள் இது தன் முட்டையை இட்டுவிடும். நான்கு நாளில் அந்த முட்டை கறுத்துவிடும். பிறகு உள்ளிருந்து அந்து வராது, குளவிதான் வரும். கறுத்த அட்டையை விவசாயி வாங்கிப்போய்த் துண்டு துண்டாக வெட்டி நெல் இலையின் அடியில் ஸ்டேப்ளர் அடித்து வைப்பார். வெளியே வரும் குளவி வயலில் பறந்து, இலைச்சுருட்டுப் புழுவின் தாய் இட்ட முட்டைகளைத் தேடிப் பிடித்து முடித்துவிடும். புழு பிறக்கவே பிறக்காது. மருந்து அடிக்க வேண்டாம்.

சொல்வதற்கு இவ்வளவு அழகான வேலை. செய்வதற்கு எரிச்சல் பிடித்த வேலை. குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் தென்காசிக் காற்றில் ஈரம் ஏறிவிடும். கம்பு பூசணம் பிடிக்கும், செள்ளு என்கிற பொடிப்பூச்சி விழும். ஒரு பேசினில் செள்ளு விழுந்ததைக் காலையில் பார்க்காமல் விட்டால் சாயங்காலம் நாலு பேசினுக்குப் போயிருக்கும். அறைக்குள் பவுடர் போட்டுக்கொண்டு வரக்கூடாது, கொசுவர்த்தி கூடாது, முன்கடையில் மருந்து டப்பாவைத் தொட்ட கையோடு உள்ளே நுழையக்கூடாது. கதவில் எழுதி ஒட்டியிருக்கிறேன். படிக்கத் தெரிந்தவர்கள்தான் அதிகம் மீறுவார்கள்.

இதையெல்லாம்விட முக்கியம் என் ஊறுகாய் பாட்டில். எலுமிச்சை ஊறுகாய் வந்த கண்ணாடி பாட்டில்தான். சுற்றிலும் கறுப்புத் தாள் ஒட்டியிருக்கிறேன். உள்ளே அடியில் ஒரு துண்டு அட்டை. அதற்கு மேலே ஒரு விரல்கடை உயரத்தில் உட்சுவரைச் சுற்றிப் பசை வளையம். வாயில் விளக்கெண்ணெய் தடவிய கண்ணாடித் துண்டு. வெளிச்சம் மேலிருந்து மட்டுமே வரும். பறக்கத் தெரிந்த குளவி வெளிச்சத்துக்குப் பறந்து மேலே எண்ணெயில் ஒட்டும். நடக்க மட்டும் தெரிந்தது சுவரேறிப் பசையில் மாட்டும். எதற்கும் லாயக்கில்லாதது அடியிலேயே கிடக்கும். லென்ஸ் வைத்து எண்ணினால் அந்த வாரத்து அட்டையின் லட்சணம் தெரிந்துவிடும். அது தேறினால்தான் அட்டை போகிற கவரில் கையெழுத்துப் போடுவேன்.

கடையில் எல்லாருக்கும் இந்த பாட்டில் ஒரு நகைச்சுவை. “கறுப்பா இருந்தா நல்ல அட்டைதான, அதுக்கு எதுக்கு ஊறுகாய் பாட்டில்?” என்பார்கள். கறுத்த முட்டைக்குள் குளவி செத்தும் கிடக்கலாம், இறக்கை சுருங்கிய நொண்டியாகவும் இருக்கலாம். அறைக்குள் நொண்டிக்குளவியும் ராஜாவாக வாழும். ஏனென்றால் நாங்கள் அந்து முட்டையை அதன் காலடியிலேயே கொண்டுபோய் வைக்கிறோம். வயலில் யார் வைப்பார்கள்? அங்கே இலைவிட்டு இலை பறக்க வேண்டும். இந்தச் சின்ன விஷயத்தை எத்தனை தடவை சொல்வது? சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

அந்த வருஷம் ஆடியில் சீசன் நன்றாக இருந்தது. அண்ணாச்சியின் சொந்தக்காரர்கள் இரண்டு வேன் நிறைய வந்து ஐந்தருவியில் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு கடைக்கு வந்தார்கள். குற்றாலம் வந்தவர்களுக்குக் குரங்கு, பலாப்பழம், அடுத்தது என் அறை. நான் தடுப்பதற்குள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். ஒரு அம்மாள் கன்னத்தில் கை வைத்து, “யாத்தே! இம்புட்டுப் பூச்சியா!” என்றாள். அவ்வளவுதான். அண்ணாச்சியின் முகம் மாறிவிட்டது. கண்ணு பட்டுவிட்டது என்று முடிவு செய்துவிட்டார்.

அது வியாழக்கிழமை. மறுநாள் ஆடி வெள்ளி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் அறையைப் பூட்டி, சாவியை வழக்கம்போலக் கல்லாவுக்கு மேலே ஆணியில் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். நான் போன பிறகு அண்ணாச்சி கடைக்குச் சாம்பிராணி போட்டார். ஒவ்வொரு வெள்ளியும் போடுவதுதான், முன்கடையோடு நிறுத்திக்கொள்வார். அன்றைக்குத் திருஷ்டி கழிய வேண்டுமே! நொச்சி இலையும் வேப்பிலையும் சேர்த்துப் போட்டு, புகை கக்குகிற தூபக்காலைக் குளவி அறைக்குள் கொண்டுபோய் நடுவில் வைத்து, கதவைச் சாத்தி, நன்றாகப் புகை பிடிக்கட்டும் என்று விட்டுவிட்டுப் போய்விட்டார். பிள்ளைகளுக்குச் சுற்றிப் போடுவதுபோல என் குளவிகளுக்குச் சுற்றிப் போட்டிருக்கிறார்.

சனிக்கிழமை காலை கதவைத் திறந்தேன். கோயில் கருவறைக்குள் போனதுபோல் வாசம். அண்ணாச்சி பின்னாலேயே வந்து நின்றார்.

“விடிய விடிய பொகை நின்னுருக்கு பாத்துக்க. ஒரு கொசு கெடையாது” என்றார், பெருமையாக.

“கொசுவே இல்லன்னா குளவி மட்டும் எப்படி அண்ணாச்சி இருக்கும்? கொசு பக்கத்துல வச்சா இது அதோட கால் நகம் அளவு கூட இருக்காதே!”

“ஏம்மா, சாமிக்குப் போட்ட பொகையில எது சாவும்? நாம என்ன மருந்தா அடிச்சோம்?”

கொசு ஓடுவதற்காக வீட்டுக்கு வீடு நொச்சிப் புகை போடுகிற ஊரில் பிறந்த மனிதர் இப்படிப் பேசுகிறார். நான் கத்தவில்லை. கத்த வேண்டிய இடத்தில் எனக்கு வாய் திறக்காது. அட்டைகளைப் பார்த்தேன். எல்லாம் கறுகறுவென்று லட்சணமாக இருந்தன. திங்கட்கிழமை பொரிய வேண்டியவை. ஒரு துண்டு வெட்டி பாட்டிலில் போட்டேன். “நான் திங்கக்கெழம வந்து பாத்துச் சொல்லுத வரைக்கும் இதுல ஒரு அட்டை வெளிய போகக் கூடாது” என்றேன். “சரிம்மா, சரிம்மா” என்றார். ஞாயிறு எனக்கு விடுமுறை.

திங்கட்கிழமை போய்க் கண்ணாடியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். எண்ணெய் பளிச்சென்று இருந்தது. ஒன்றே ஒன்று ஒட்டியிருந்தது. பசை வளையத்தில் கொஞ்சம் பேர் மாட்டியிருந்தார்கள். மீதி எல்லாம் அடியில். பாதி முட்டைகள் திறக்கவே இல்லை. பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டே அலமாரிக்கு ஓடினேன். அலமாரி காலி.

“நேத்து எலத்தூர்க்காரம்மா வந்தாவ. நட்டு இத்தன நாள்ல கட்டணும்ங்குற கணக்கு தப்பக் கூடாதுன்னு சொன்னாவ. நீதான அவங்களுக்குச் சொல்லிக் குடுத்தது? குடுத்து விட்டுட்டேன்” என்றார் அண்ணாச்சி.

“நான் பாக்காம எப்படிக் குடுத்தீய? கவர்ல கையெழுத்து வேணும்லா?”

அவர் மேசைக்கு அடியிலிருந்து ஒரு கட்டுக் கவர் எடுத்துப் போட்டார். புதுக் கவர். அச்சகத்திலிருந்து வந்த வாசம் போகவில்லை. முன்னால் குளவிப் படம். பின்னால், கீழே வலது மூலையில், ‘பரிசோதிக்கப்பட்டது’ என்று எழுதி அதன் மேல் என் கையெழுத்து. அச்சடித்த கையெழுத்து. நான் என்றைக்கோ லீவு லெட்டரில் போட்ட கையெழுத்தை எடுத்துக் கொடுத்து அச்சடித்திருக்கிறார். நான் இன்னும் பார்க்காத அட்டைகளுக்கு, இனிமேல் பிறக்கப்போகிற குளவிகளுக்கு, நான் செத்துப்போன பிறகு விற்கப்போகிற கவர்களுக்குக்கூட நான் சாட்சி சொல்லிவிட்டேன்!

“தெனம் ஒவ்வொண்ணா போட்டா ஒனக்குக் கை வலிக்கும்லாம்மா, அதான்” என்றார்.

புகை போட்டது தெரியாமல் செய்த தப்பு, அதைக்கூட மன்னிக்கலாம். இது என்ன? சோதனை என்பது ஒரு சடங்கு, கையெழுத்து அதற்கு வைக்கிற பொட்டு என்று நினைத்தால்தானே இப்படி அச்சடிக்கத் தோன்றும்? பெரிய மோசடிக்காரன்கூட இதைச் செய்ய யோசிப்பான். ஒரு நல்ல மனிதர், என் கை வலிக்குமே என்ற கருணையில் செய்திருக்கிறார்.

பாட்டிலை அப்படியே பைக்குள் வைத்துக்கொண்டு இலத்தூர் பஸ் ஏறினேன்.

அந்த அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இலத்தூரில் அவளுக்கும் வீட்டுக்காரருக்கும் சொந்த வயல் ஒன்று உண்டு. போன வருஷம் அவர் டேங்கைத் தோளில் மாட்டி மருந்து அடித்துக்கொண்டிருந்தபோதே வாந்தி எடுத்து வரப்பில் விழுந்துவிட்டார். தென்காசி ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தார். இனிமேல் மருந்துப் பக்கம் போகவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகுதான் நான் அந்த ஊரில் அட்டை கட்டுவதைச் சொல்லிக்கொடுக்கப் போனேன். என்னை ‘பூச்சி டீச்சர்’ என்று கூப்பிட ஆரம்பித்தவளே அவள்தான். “நீங்க சொல்லுதீய, நான் இந்தக் கார்ல மருந்தே வாங்கல டீச்சர்” என்று என் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தாள். கார் என்றால் ஆடி ஆவணியில் நிற்கிற நெல். அந்த வீட்டில் இன்னொரு தடவை டேங்க் தோளில் ஏறுமா ஏறாதா என்பது என் அட்டையைப் பொறுத்து இருந்தது. எனக்கு அது தெரியும். அண்ணாச்சிக்கும் தெரியும்.

நான் போனபோது வயலில் சாரல் விழுந்துகொண்டிருந்தது. அவள் வரப்பில் நின்று, ஒரு இலையைத் திருப்பி, தான் அடித்து வைத்திருந்த அட்டைத் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இலைகளுக்கு மேலே இலைச்சுருட்டுப் புழுவின் வெளிர்மஞ்சள் தாய்ப்பூச்சிகள் எழும்பி எழும்பி உட்கார்ந்தன.

“வாங்க டீச்சர். எல்லாம் நீங்க சொன்ன மாதிரிதான் கட்டிருக்கேன். இன்னைக்கு வெளிய வருமா?”

பாட்டிலை எடுத்து அவளிடம் கொடுத்தேன். புகை போட்டதைச் சொன்னேன். இந்த அட்டைகளில் பறக்கிற குளவி இல்லை என்று சொன்னேன். அவள் கண்ணாடியைப் பார்த்தாள், பிறகு பாட்டிலின் அடியைப் பார்த்தாள். இடுப்பிலிருந்து மடித்த கவரை எடுத்து விரித்தாள்.

“அப்போ இது ஆரு கையெழுத்து?”

“என் கையெழுத்துதான் அக்கா. ஆனா நான் போடல. அச்சடிச்சுட்டாவ.”

“ஏட்டி, நீ போடாம ஒன் கையெழுத்து எப்படி வரும்? எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுன்னு நெனச்சியா? இதப் பாத்துதான நான் வாங்குனேன்? அவர் கேட்டாரு, மருந்து கொஞ்சம் வாங்கி வச்சுக்கிடுவமாட்டின்னு. டீச்சர் கையெழுத்துப் போட்டுருக்கு, பேசாம கெடங்கன்னு சொன்னேன். இப்ப நான் அவருகிட்ட என்ன சொல்லட்டும்?”

டீச்சர் போய் ஏட்டி ஆகிவிட்டேன். இவ்வளவு நேரம் அண்ணாச்சி மேல் இருந்த கோபம் மொத்தமும் என் பக்கம் திரும்பியது. சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போனது யார்? நான். லீவு அன்றைக்கு ஒரு போன் பண்ணிக் கேட்காமல் வீட்டில் கறிக்குழம்பு வைத்துக்கொண்டிருந்தது யார்? அதுவும் நான்தான்.

என் வீட்டு அலமாரியில் ஒரு குழாயில் தாய்க்குளவி வைத்திருந்தேன். விதைநெல்லை ஒரே பத்தாயத்தில் போடக்கூடாது என்பதுபோல, வளர்க்கிற பூச்சி அத்தனையையும் ஒரே அறையில் வைக்கக்கூடாது. அந்த ஒரு புத்தி மட்டும் எனக்கு இருந்திருக்கிறது. அதை வைத்து ஒரு தலைமுறை எடுக்க ஒன்பது, பத்து நாள் ஆகும் என்று சொன்னேன்.

“பத்து நாள் பூச்சி பொறுக்குமா?”

“பொறுக்காது” என்றேன். இந்தத் தடவையாவது உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா?

அவள் வயலைக் காட்டினாள். நடுவில் ஒரு வரப்பு ஓடியது. “அந்தப் பக்கம் மருந்து அடிக்கேன். இந்தப் பக்கம் ஒன் பாடு. இம்புட்டுதான் என்னால முடியும்” என்றாள்.

“யாரு அடிப்பா?”

“அவரு அடிக்க முடியாதுல்லா. நாந்தான் அடிக்கணும்.”

அடித்தாள். நான் இரண்டு நாள் கழித்துப் போனபோது அவள் கண் இரண்டும் சிவந்து, முழங்கை வரை தடிப்புத் தடிப்பாக இருந்தது. முகத்தில் துண்டு கட்டி, கையுறை போட்டு அடிக்கச் சொல்லியிருந்தேன். சாரலில் துண்டு நனைந்து மூச்சு முட்டியதால் அவிழ்த்துவிட்டாளாம். வீட்டுக்காரர் வாசலில் உட்கார்ந்து, கழுவிக் கவிழ்த்த டேங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து வாங்க என்று சொல்லவில்லை. அவர் சொல்லாதது சரி.

என் பொறுப்பில் விட்ட பக்கத்தில், குளவி வருகிற வரைக்கும் கயிறு இழுத்தோம். நீளமான கயிற்றின் இரண்டு முனையையும் இரண்டு பேர் பிடித்து, நெல்லின் தலையை உரசிக்கொண்டு வரப்போடு நடந்தால், சுருட்டிய இலை பிரிந்து புழு தண்ணீரில் விழும். அந்த முனையில் அவள், இந்த முனையில் நான். லீவு போட்டுவிட்டு நாலு நாள் இழுத்தேன். வழுக்கி ஒரு தடவை சேற்றில் விழுந்தேன். அவள் சிரிக்கக்கூட இல்லை. “எந்திரிச்சுப் பிடி” என்றாள்.

கடையில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அண்ணாச்சி வருத்தப்பட்டார், நிஜமாகவே வருத்தப்பட்டார். இனிமேல் முன்கடை வாசலைத் தாண்டித் தூபக்கால் வராது என்று சத்தியம் செய்தார். சாவியை என்னிடமே கொடுத்துவிட்டார். ஆனால் கவரை மட்டும் விடமாட்டேன் என்றார். “அடிச்சது அடிச்சாச்சு, தீருத வரைக்கும் ஓடட்டும்மா. வீணாக்கணுமா?” அப்போதுதான் என் வாய் திறந்தது. முன்கடையில் நின்ற ஆட்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். என் பெயரைச் சொல்லி ஒரு பொம்பளை கண்ணை அவித்துக்கொண்டு நிற்கிறாள், உங்களுக்குக் கவர் வீணாகிறதா என்று கேட்டேன். நான் அந்தக் கட்டு முழுவதையும் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு கவரிலும் என் கையெழுத்தின் குறுக்கே பேனாவால் அடித்தேன். இரண்டு பேனா தீர்ந்தது. கை வலித்தது. வலிக்கட்டும்.

பத்தாம் நாள் புதுக் குளவி வந்தது. பாட்டிலில் பார்த்தேன், எண்ணெய் முழுக்கப் புள்ளி வைத்த மாதிரி ஒட்டியிருந்தன. கவரில் நானே பேனாவால் கையெழுத்துப் போட்டு இலத்தூருக்குக் கொண்டுபோனேன். அந்தப் பாதி வயல் தப்பியது. முழுசாக இல்லை, ஆனால் தப்பியது. மருந்து அடித்த பாதியும் தப்பியது. எது ஜெயித்தது என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அவள் கையில் தடிப்பு மறைய மட்டும் ஆவணி பிறக்க வேண்டியிருந்தது.

அடுத்த நடவுக்கு அட்டை வாங்க அவள் வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். வந்தாள். பொரிகிற நாளுக்கு முந்தின நாள் வந்து வாங்கிப் போனாள். மறுநாள் எனக்கு மனசு கேட்காமல் நானும் இலத்தூர் போனேன்.

வீட்டு வாசலில் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு ஸ்டூல். ஸ்டூல் மேல் ஒரு ஊறுகாய் பாட்டில், சுற்றிலும் பழைய காலண்டரின் கறுப்பு அட்டை. வாயில் ஒரு கண்ணாடித் துண்டு, அதில் எண்ணெய். அன்றைக்கு நான் வயலில் அவளிடம் காட்டிய பாட்டிலை மனதில் வைத்தே செய்திருக்கிறார்கள். மருந்து டேங்கைத் தொடக்கூடாத மனிதருக்கு இப்போது இதுதான் வேலையாம். காலையிலிருந்து பாட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை என்றாள் அவள்.

“நான் பாத்துட்டுதான் அக்கா குடுத்தேன். நானே கையெழுத்துப் போட்டிருக்கேன், பாருங்க” என்றேன்.

“இருக்கட்டும் டீச்சர்” என்றாள். டீச்சர் திரும்பி வந்துவிட்டது. ஆனால் அவள் ஸ்டேப்ளரை எடுக்கவில்லை.

மூன்று பேரும் அந்த பாட்டிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். என் வேலையை என் கண்ணெதிரே இன்னொருவர் சரிபார்க்கிறார் என்பதில் எனக்கு ஒரு பக்கம் எரிந்தது. அவர்கள் செய்வதுதான் நியாயம் என்பதில் இன்னும் அதிகமாக எரிந்தது. வெயில் ஏறியபோது அவர் கண்ணாடியை மெதுவாக எடுத்து வானத்துக்கு நேராகப் பிடித்தார். உதடு அசைய எண்ணினார். எண்ணி முடிக்க ரொம்ப நேரம் ஆனது.

“ஏறிட்டுட்டி. நெறய ஏறிட்டு. கட்டு” என்றார்.

அவள் ஸ்டேப்ளரை எடுத்துக்கொண்டாள். ஓரம் பிரித்திருந்த கவரை முழுசாகக் கிழித்து மீதி அட்டையை எடுத்தாள். என் கையெழுத்து இருந்த பக்கம் கிழிந்து வாசலில் விழுந்தது. அதை மிதித்துக்கொண்டு வயலுக்குப் போனாள்.